எல்க் பள்ளத்தாக்கில் மாமாவும் நானும்

வெள்ளி, ஸ்பார்வுட்

ஊரிலிருந்து கனடாவில், கல்கரியில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு வந்த மாமனாரை முதல் வாரமே லேக் லூயிஸ் என்ற மலை ஏரிக்குக் கூட்டிப் போனேன். பார்க்கிறவர்கள் எல்லாம் வாயைப் பிளக்கிற இடம். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஐந்து நிமிடம் நின்றார். "நல்லாத்தான் இருக்குது மாப்ள" என்றார். அவ்வளவுதான். திரும்பும்போது காரில் மெதுவாகக் கேட்டார்: "இந்த மலையில எங்கயாவது கரி எடுக்கறாங்களா?"

நெய்வேலி இரண்டாம் சுரங்கத்தில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். வேறு என்ன கேட்பார்?

எடுக்கிறார்கள். கல்கரியிலிருந்து தெற்கே போய் மேற்கே திரும்பி, குரோஸ்நெஸ்ட் கணவாயைத் தாண்டினால் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் தென்கிழக்கு மூலையில் எல்க் பள்ளத்தாக்கு. ஃபோர்டிங் ரிவர், கிரீன்ஹில்ஸ், லைன் கிரீக், எல்க்வியூ என்று நாலு திறந்தவெளிச் சுரங்கங்கள் ஓடுகின்றன. ஐந்தாவதாக இருந்த கோல் மவுண்டனில் கரி எடுப்பது நின்றுவிட்டது. இங்கே கிடைப்பது கரண்டுக்கு எரிக்கிற கரி கிடையாது, இரும்பு உருக்குகிற கோக்கிங் கரி. ரயிலில் ஏறி வான்கூவர் துறைமுகம் போய், அங்கிருந்து கப்பலில் ஆசியாவின் உருக்காலைகளுக்கு. பல வருடம் டெக் கம்பெனியின் கையில் இருந்தது. 2024 ஜூலையில் கிளென்கோர் 77 சதவீதத்தை வாங்கியது. மிச்சம் நிப்பான் ஸ்டீல், போஸ்கோ என்ற உருக்குக் கம்பெனிகளுக்கு.

மாமாவுக்குக் கரி என்றால் எனக்குத் தண்ணீர். தண்ணீர்ப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறவனுக்கு எல்க் ஆறு தெரியாமல் இருக்காது. ஆகஸ்ட் லாங் வீக்கெண்டில் இருவருக்கும் சேர்த்து ஒரே பயணம். அத்தையும் என் மனைவியும் "குழி பார்க்க மூணு மணி நேரம் கார்ல வரணுமா?" என்று கழன்றுகொண்டார்கள். எலுமிச்சை சாதமும் தயிர் சாதமும் டப்பாவில் கட்டிக் கொடுத்ததோடு சரி.

வழியில் ஃபிராங்க் என்ற சின்ன ஊர். 1903 ஏப்ரல் 29 விடியற்காலையில் டர்ட்டில் மலையிலிருந்து 8 கோடி டன்னுக்கு மேல் சுண்ணாம்புப் பாறை ஒன்றரை நிமிடத்தில் சரிந்து ஊரின் ஒரு பகுதியை மூடியது. நெடுஞ்சாலை இன்றும் அந்தப் பாறைகளுக்கு நடுவில்தான் போகிறது. மலைக்கு அடியில் கரிச் சுரங்கம் இருந்தது என்று சொன்னேன். மாமா "ம்" என்றார். அந்த "ம்"முக்கு எத்தனையோ அர்த்தம்.

ஸ்பார்வுட்டில் நுழைந்ததும் ரோட்டோரம் பச்சை நிறத்தில் டைட்டன் என்ற ராட்சத டம்பர் லாரி நிற்கிறது. 1970-களில் ஜெனரல் மோட்டார்ஸ் செய்தது. ஒரே ஒரு வண்டிதான் செய்தார்கள். 350 அமெரிக்க டன் ஏற்றும். இருபது வருடத்துக்கு மேல் உலகிலேயே பெரிய டம்பர் இதுதான். டயருக்குப் பக்கத்தில் மாமாவை நிறுத்திப் படம் எடுத்தேன், டயரில் பாதி உயரம் வந்தார். அவருக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

"எங்ககிட்ட இந்தச் சோலியே கெடயாது. பக்கெட் வீல் வெட்டும், பெல்ட்டு தூக்கிட்டுப் போவும், ஸ்பிரெடர் கொட்டும். லாரிக்கு என்னா வேலை?"

"அங்க மண்ணு மாமா. இங்க பாறை. வெடி வெச்சுத்தான் உடைக்கணும்."

"எவ்ளோ வெடி?"

நல்ல கேள்வி. தண்ணீர்க் கதைக்குள் அந்த வெடியும் வரும், நாளைக்கு எழுதுகிறேன்.

இந்த ஊர் பிறந்த கதையையும் சொல்லிவிட வேண்டும். பக்கத்தில் நேட்டல், மிஷல் என்று இரண்டு சுரங்க ஊர்கள் இருந்தன. துணி காயப்போட்டால் கறுப்பாகிவிடும் அளவுக்குக் கரித்தூசி. மாகாணத்தின் கிழக்கு வாசலில் இப்படி இரண்டு ஊர்கள் இருப்பது அரசாங்கத்துக்கும் சங்கடம். 1960-களில் ஜனங்களை ஸ்பார்வுட்டுக்கு மாற்றி, பழைய வீடுகளை இடித்தார்கள். தூசியிலிருந்து தப்பிக்கக் கட்டிய ஊருக்குப் பிறகு தண்ணீரில் பிரச்சினை வந்தது. ஊருக்குத் தண்ணீர் கொடுத்த கிணறுகளில் ஒன்றில் செலினியம் என்ற தனிமம் மாகாணத்தின் குடிநீர் வரம்பைத் தாண்டியதால் அதை மூடிவிட்டு, கம்பெனி செலவில் வேறு கிணறு தோண்டினார்கள்.

இதைச் சொல்லி முடிக்கும்போது மாமா மோட்டல் குழாயில் பிடித்த தம்ளரைக் கையில் வைத்திருந்தார். குடிக்கலாமா என்று கண்ணாலேயே கேட்டார். தாராளமாகக் குடிக்கலாம், இப்போது வருகிற தண்ணீரைச் சோதித்துத்தான் விடுகிறார்கள் என்றேன். குடித்தார். ஜன்னலுக்கு வெளியே எல்க்வியூ சுரங்கத்தின் மலை. உச்சியைச் சீவிப் படிப்படியாக இறக்கியிருக்கிறார்கள். "பெஞ்சு நல்லா போட்டிருக்கான்" என்று சர்டிபிகேட் கொடுத்துவிட்டுப் படுத்தார்.

சனி, எல்க்ஃபோர்டு

ஸ்பார்வுட்டிலிருந்து வடக்கே எல்க்ஃபோர்டுக்கு 43-ம் எண் சாலை. இடது பக்கம் ஆறும் காடும். வலது பக்கம் அவ்வப்போது மரங்களுக்கு மேலே மரமே இல்லாத சாம்பல் நிற மலை எட்டிப் பார்க்கிறது. அது இயற்கையான மலை இல்லை என்று புரிய மாமாவுக்கு ஒரு நொடிதான் ஆனது. "மேல்மண்ணு கொட்டுனது" என்றார். மண் இல்லை, உடைத்த பாறை. ஒரு டன் கரி எடுக்க அதைப்போலப் பல மடங்கு பாறையை உடைத்து அப்புறப்படுத்த வேண்டும். அதைக் கொட்ட இங்கே வசதியான இடம் பக்கத்துப் பள்ளத்தாக்குதான். பள்ளத்தாக்கு என்றால் அடியில் ஓடை இருக்கும்.

அங்கேதான் விஷயம் ஆரம்பிக்கிறது. பூமிக்குள் கெட்டியாகக் கிடந்தவரை அந்தப் பாறையால் ஒரு தொந்தரவும் இல்லை. வெடி வைத்துச் சில்லுச் சில்லாக உடைத்துக் குவித்ததும் காற்று உள்ளே போகிறது. பாறையில் இருக்கிற கந்தகக் கனிமங்கள் ஆக்சிஜனோடு சேர்ந்து கரைகின்றன, கூடவே அவற்றில் ஒட்டியிருக்கும் செலினியமும். மழையும் பனியுருகலும் குவியலுக்குள் இறங்கி, அதைக் கழுவிக்கொண்டு அடியில் ஓடையாக வெளியே வருகின்றன. வெடிமருந்தின் மிச்சமாக நைட்ரேட்டும் சேர்ந்து வருகிறது. மாமா கேட்ட வெடிக் கணக்கு இதுதான்.

வேறு பல சுரங்கங்களில் கந்தகம் கரைந்தால் தண்ணீர் அமிலமாகி ஆரஞ்சு நிறத்தில் ஓடும். கண்ணால் பார்த்தாலே கேடு தெரியும். இங்கே பாறையில் சுண்ணாம்புச் சத்து நிறைய. அமிலத்தை அது அப்போதே அடக்கிவிடுகிறது. அதனால் வருகிற தண்ணீர் பளிங்காக வருகிறது. காரை நிறுத்தி எல்க் ஆற்றில் இறங்கிப் பார்த்தோம். முழங்கால் ஆழத்தில் ஒவ்வொரு கூழாங்கல்லும் தனித்தனியாகத் தெரிந்தது. "இதுலயா வெசம்ங்கற?" என்றார் மாமா.

விஷம் என்று ஒரே அடியாகச் சொல்லவும் முடியாது. அவர் காலையில் போடுகிற சத்து மாத்திரையின் டப்பாவை வாங்கிப் பார்த்தோம், பட்டியலில் செலினியம் இருந்தது. உடம்புக்குக் கொஞ்சம் வேண்டிய சத்துதான் அது. ஆனால் தேவைக்கும் கெடுதலுக்கும் நடுவே இடைவெளி மிகக் குறைவு. ஆற்றில் பாசி அதை உறிஞ்சுகிறது, பாசியைப் பூச்சி தின்கிறது, பூச்சியை மீன். ஒவ்வொரு படியிலும் சேர்ந்துகொண்டே போகிறது. பெரிய மீன் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும், தாய் மீனிலிருந்து முட்டைக்குப் போவதுதான் வினை. முதுகெலும்பு கோணிய குஞ்சு, செவுள் மூடி இல்லாத குஞ்சு. கலிபோர்னியாவில் கெஸ்டர்சன் நீர்த்தேக்கத்தில் 1980-களில் பறவைக் குஞ்சுகள் உருக்குலைந்து பிறந்தபோதுதான் உலகம் இதைக் கவனித்தது. அங்கே காரணம் சுரங்கம் இல்லை, வயல் வடிகால் தண்ணீர்.

செலினியத்தோடு சுண்ணாம்பும் ஒரு தொல்லை. குவியலுக்குள் இறங்கி வரும் தண்ணீரில் கரைந்த சுண்ணாம்பு ஓடைக்கு வந்ததும் படிகிறது. படிந்து படிந்து கூழாங்கற்களை ஒன்றோடொன்று ஒட்டிவிடுகிறது. ட்ரவுட் மீன் வாலால் கூழாங்கல்லைக் குடைந்து குழி பறித்துத்தான் முட்டையிடும். தரையே சிமெண்ட் போட்டதாகிவிட்டால் எங்கே போய்க் குடையும்? செலினியத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் இதை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். மீனுக்கு அப்படித் தாண்ட முடியாது.

மத்தியானம் ஜோசபின் அருவிக்கு நடந்தோம். எல்க்ஃபோர்டுக்குக் கிழக்கே, சுரங்கத்துக்குப் போகும் சாலையிலிருந்து காட்டுக்குள் பிரியும் ஒற்றையடிப் பாதை. கரடி வருமாம். இடுப்பில் கரடி ஸ்பிரே மாட்டிக்கொண்டேன். மாமா ஸ்பிரேயை நம்பவில்லை, வழி முழுக்கக் கை தட்டிக்கொண்டு வந்தார். கூடவே நெய்வேலி யூனியன் தேர்தல் கதை, சத்தமாக. கரடி என்ன, அணில்கூட எதிர்ப்படவில்லை.

ஃபோர்டிங் ஆறு ஒரு பாறைப் பிளவுக்குள் விழுகிற இடம். விழுந்த வேகத்தில் வெள்ளையாகி, கீழே குளத்தில் பச்சையாகத் திரும்புகிறது. சாரல் முகத்தில் பட்டது. மாமா வேட்டியாக இருந்தால் மடித்துக் கட்டியிருப்பார், பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு கம்பித் தடுப்பில் சாய்ந்தார்.

இந்த அருவியை மீனால் ஏற முடியாது. அதனால் இதற்கு மேலே இருக்கிற வெஸ்ட்ஸ்லோப் கட்த்ரோட் ட்ரவுட் காலங்காலமாகத் தனியாக வாழ்கிற கூட்டம். வேறு ட்ரவுட் இனத்தோடு கலக்காத சுத்த ரகம். மற்ற இடங்களில் வெளியிலிருந்து கொண்டு வந்து விட்ட ரெயின்போ ட்ரவுட்டோடு கலந்து போய்விட்டது, இங்கே அருவி காப்பாற்றியது. ஆனால் மேலே ஏதாவது ஆகிவிட்டால் கீழேயிருந்து ஒரு மீன்கூட ஏறி வந்து அந்த இடத்தை நிரப்பாது. அருவிக்கு மேலேதான் ஃபோர்டிங் ரிவர் சுரங்கமும் கிரீன்ஹில்ஸும்.

2017-க்கும் 2019-க்கும் நடுவில் அங்கே வளர்ந்த மீன்களின் எண்ணிக்கை 93 சதவீதம் குறைந்தது. கம்பெனி நியமித்த நிபுணர் குழு ஆராய்ந்து, ஒரே காரணம் என்று சொல்ல முடியாது என்றது: 2019 பிப்ரவரியின் கடும் குளிர், ஆற்றில் உறைந்த பனி, குறைந்த நீரோட்டம், குளிர்காலத்தைக் கழிக்க மீன் போய்ச்சேர முடியாதபடி ஆன வழிகள். குளிர் உண்மைதான். ஆனால் இந்த மீன் குளிரைப் பார்க்காததா? ஆற்றை ஏற்கெனவே குறுக்கிவிட்ட இடத்தில் குளிர் வந்தால் ஒதுங்க இடம் இருக்காது என்பதுதான் நான் அதில் படித்துக்கொள்வது. பிறகு எடுத்த கணக்குகளில் எண்ணிக்கை மெல்ல ஏறியிருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும்.

2021 மார்ச்சில் டெக் கோல் கம்பெனி இந்த ஆற்றில் 2012-ல் கழிவுப் பாறையிலிருந்து கசிந்த தண்ணீரைக் கலக்கவிட்டதற்காகக் குற்றத்தை ஒப்புக்கொண்டு 6 கோடி டாலர் கட்டியது. கனடாவின் மீன்வளச் சட்டத்தின் கீழ் அதுவரை விதிக்கப்பட்டதிலேயே பெரிய தொகை. மாமாவிடம் சொன்னேன். ரூபாயில் எவ்வளவு என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் அருவியைப் பார்த்தார். "ஒம்போது வருசம் கழிச்சா?" என்றார்.

ஞாயிறு, ஃபெர்னி

ஃபெர்னி அழகான ஊர். குளிர்காலத்தில் ஸ்கீ, கோடையில் சைக்கிள், எப்போதும் காபிக் கடை. 1902-ல் பக்கத்துக் கோல் கிரீக் சுரங்கத்தில் வெடித்து 128 பேர் செத்ததும், 1908-ல் ஊரே தீப்பிடித்து எரிந்ததும் தெரியாமலேயே இங்கே ஒரு வாரம் இருந்துவிட்டுப் போகலாம்.

காலையில் ஆற்றோரம் தூண்டில்காரர் ஒருவர். வெளியூர்க்காரர்களைப் படகில் மீன் பிடிக்கக் கூட்டிப் போகிற வேலை. எல்க் ஆறு இதற்குப் பேர் போனது, பிடித்ததைத் திரும்ப விட்டுவிடுவார்கள். மாமாவுக்கு அந்த ஏற்பாடே புரியவில்லை. "புடிச்சிட்டு வுடறதுக்கு எதுக்குப் புடிக்கணும்?" நான் மொழிபெயர்த்ததும் அவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு தண்ணீரில் கிடந்த ஒரு கல்லைப் புரட்டிக் காட்டினார். அடிப்பக்கம் மணலைக் கோத்துக் கட்டிய சின்னக் குழாய்கள். ஒன்றைக் கிள்ளிப் பிரித்ததும் உள்ளேயிருந்து வெளிர்பச்சைப் புழு நெளிந்தது. இதைத்தான் ட்ரவுட் தின்னும், இது தின்பது பாசியை. நேற்று நான் சொன்ன படிகளில் இரண்டு மாமாவின் உள்ளங்கையில் இருந்தது.

சிறிது நேரத்தில் ஒரு மீனும் கிடைத்தது. தாடைக்கு அடியில் கத்தியால் கீறியது மாதிரி இரண்டு சிவப்புக் கோடு, கட்த்ரோட் என்ற பெயரே அதனால்தான். ஈரக் கையால் பிடித்து, செவுள் மூடியை விரலால் தொட்டுக் காட்டினார். இதற்கு முழுசாக இருக்கிறது, இல்லாததும் அவ்வப்போது மாட்டும் என்றார். விட்டதும் ஒரு துள்ளலில் மறைந்தது.

சரி, சரிசெய்ய என்ன செய்கிறார்கள்? ஆற்றில் செலினியம் ஏறுவது 1990-களிலேயே தெரியும். அதைச் சரிசெய்யக் கம்பெனி திட்டம் போட வேண்டும் என்று மாகாண அமைச்சர் ஆணை போட்டது 2013 ஏப்ரலில், அந்தத் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது 2014 நவம்பரில். ஆற்றில் எந்தெந்த இடத்தில் எந்த வருடத்துக்குள் செலினியம், நைட்ரேட், சல்பேட், காட்மியம் எவ்வளவுக்கு இறங்க வேண்டும் என்று அதில் இலக்கு வைத்தார்கள்.

முதல் சுத்திகரிப்பு ஆலை லைன் கிரீக்கில். ஆக்சிஜன் இல்லாத தொட்டியில் பாக்டீரியாவுக்குத் தீனி போட்டு வளர்க்கிறார்கள். அது முதலில் நைட்ரேட்டைத் தீர்க்கும், அப்புறம் கரைந்திருக்கும் செலினியத்தைக் கரையாத துகளாக மாற்றும். துகளை வடித்தெடுத்துப் புதைத்துவிடலாம். 2014-ல் ஓட்டிப் பார்க்கும்போதே ஆலைத் தண்ணீரால் ஓடையில் மீன் செத்து மிதந்தது. அதற்குச் சுமார் 14 லட்சம் டாலர் அபராதம். திருத்தி ஓட்டினார்கள். மொத்தச் செலினியம் குறைந்தது, ஆனால் மிச்சமிருந்த கொஞ்சம் உயிர்கள் இன்னும் சுலபமாக உறிஞ்சும் வடிவத்துக்கு மாறியிருந்தது. லேபில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு இது வயிற்றைக் கலக்கும் செய்தி. மொத்தத்தை மட்டும் அளந்தால் அறிக்கையில் எண் இறங்கிக்கொண்டே வரும், பூச்சிக்குள் ஏறிக்கொண்டே போகும். ஆக்சிஜனேற்றம் செய்கிற கட்டம் ஒன்றைக் கூடுதலாகச் சேர்த்து 2018-ல் திரும்ப ஓட்டினார்கள். இந்தச் சிக்கலால் அடுத்த ஆலை தள்ளிப்போனது. ஃபோர்டிங் ஆற்று ஆலை 2018 கடைசிக்குள் ஓடியிருக்க வேண்டும், ஓடவில்லை. 2023-ல் மாகாணம் அதற்கு 1 கோடியே 60 லட்சம் டாலருக்கு மேல் அபராதம் போட்டது.

இன்னொரு வழி மாமாவுக்கு ரொம்பப் பிடித்தது. கரி எடுத்து முடித்த குழியைக் கழிவுப் பாறையாலேயே நிரப்பி, தண்ணீரில் மூழ்கடித்துவிடுவது. மூழ்கிய பாறைக்குள் காற்று போகாது. அசுத்தத் தண்ணீரை அதற்குள் பம்ப் செய்து, கொஞ்சம் மெத்தனாலைச் சேர்த்தால், அங்கே தானாக இருக்கிற பாக்டீரியாவே வேலையைச் செய்துவிடும். தொட்டி கட்ட வேண்டாம். எல்க்வியூவில் 2018-ல் தினம் 1 கோடி லிட்டரோடு ஆரம்பித்து இரண்டு கோடிக்குக் கொண்டு போனார்கள். 2023 வாக்கில் எல்லா ஆலைகளும் சேர்ந்து தினம் 7 கோடியே 75 லட்சம் லிட்டர் சுத்தம் செய்யும் அளவுக்கு வந்துவிட்டன.

"குழிய அப்பப்ப மூடிக்கிட்டே வந்திருந்தா இவ்ளோ குவியலே வந்திருக்காதே" என்றார் மாமா. நெய்வேலியில் வெட்டின பக்கம் கொட்டிக்கொண்டே போவதுதான் வழக்கம். இங்கே மலைச் சரிவில் அது எல்லா இடத்திலும் நடக்காது. இருந்தாலும் அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. பக்கத்துப் பள்ளத்தாக்கில் தள்ளுவது அன்றைக்கு மலிவாக இருந்தது, இன்றைக்கு ஆலை கட்டுகிற செலவு அன்றைய கணக்கில் வரவில்லை.

திங்கள், கூகனூசா ஏரி

எல்க் ஆறு ஃபெர்னியைத் தாண்டி எல்கோ வழியாகப் போய் விழுகிற இடம் இந்த ஏரி. உண்மையில் அணைத் தண்ணீர்தான். அமெரிக்காவின் மொன்டானாவில் கூட்னி ஆற்றின் குறுக்கே 1970-களில் லிபி அணை கட்டியதில் தண்ணீர் எல்லையைத் தாண்டிக் கனடாவுக்குள்ளும் தேங்கியது. மாமாவிடம் அமெரிக்க விசா இல்லாததால் நாங்கள் கனடாப் பக்கமே நின்றுகொண்டோம். செலினியத்துக்கு விசா தேவைப்படவில்லை.

கிகோமன் கிரீக் பூங்காவில் பிள்ளைகள் குளித்துக்கொண்டிருந்தார்கள். குளிப்பதற்கு ஒன்றும் பயமில்லை, கவலை மீனுக்குத்தான். ஓடும் ஆற்றைவிடத் தேங்கின தண்ணீரில் செலினியம் மோசமாக வேலை செய்யும். பாசிக்கும் பாக்டீரியாவுக்கும் அதை மாற்றி உறிஞ்ச அவகாசம் கிடைக்கிறது. அதனால்தான் சண்டை மலையில் இல்லாமல் ஏரியில் வந்து நிற்கிறது.

சண்டை எண்ணைப் பற்றியது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் வழிகாட்டு வரம்பு லிட்டருக்கு 2 மைக்ரோகிராம். அமெரிக்க மத்திய அரசு 2016-ல் தேங்கின தண்ணீருக்கு 1.5 என்றது. மொன்டானா இந்த ஏரிக்கென்று தனியாக 0.8 என்று 2020 டிசம்பரில் நிர்ணயித்து, 2021 பிப்ரவரியில் மத்திய அரசின் ஒப்புதலையும் வாங்கியது. பிறகு மொன்டானாவுக்குள்ளேயே ஒரு வாரியம் 0.8 தேவைக்கு மேல் கடுமை என்று ஆட்சேபித்தது. ஒரே ஏரி, ஒரே தண்ணீர், நடுவில் ஒரு கோடு, இரண்டு பக்கமும் இரண்டு நியாயம்.

"மைக்ரோகிராம்னா எவ்ளோ, புரியற மாதிரி சொல்லு" என்றார் மாமா. நம் ஊரில் தெருவுக்கு வருகிற 12,000 லிட்டர் தண்ணி லாரியை நினைத்துக்கொள்ளச் சொன்னேன். லாரி முழுக்க இருக்கிற தண்ணீரில் ஒரு அரிசி எடைக்குச் செலினியம் இருந்தால் அது பிரிட்டிஷ் கொலம்பியா வரம்பு. அரை அரிசிக்கும் கீழே இருந்தால்தான் மொன்டானா ஒப்புக்கொள்ளும். மாமா தயிர் சாதத்தில் இருந்து ஒரு பருக்கையை எடுத்துப் பார்த்தார். வேகாத அரிசி மாமா, என்றேன்.

எல்லைக்கு இரண்டு பக்கமும் இருக்கிற ஒரே கூட்டம் க்டுனாஹா என்ற பூர்வகுடி மக்கள். இந்தப் பள்ளத்தாக்கு அவர்களுடையது, கோடு போடுவதற்குப் பல ஆயிரம் வருடம் முன்னாலிருந்தே. எல்லை நீர்நிலைகளுக்கென்று 1909 ஒப்பந்தத்தின் கீழ் இருநாட்டுக் கூட்டு ஆணையம் ஒன்று இருக்கிறது; விஷயத்தை அதனிடம் கொடுங்கள் என்று அவர்கள் 2012-லிருந்தே கேட்டார்கள். கனடா அரசு பிடி கொடுக்கவில்லை. கடைசியில் 2024 மார்ச்சில் இரு நாடுகளும் க்டுனாஹா மக்களும் சேர்ந்து ஆணையத்திடம் ஒப்படைத்தார்கள். இரண்டு வருடக் கெடுவோடு ஆய்வுக் குழு அமைந்தது. என்னைக் கேட்டால் இந்தப் பன்னிரண்டு வருடத் தாமதம் அபராதத் தொகைகளைவிடப் பெரிய செய்தி. அளவெடுக்கும் ஆட்களும் கருவிகளும் இருந்தார்கள், இரண்டு பக்கமும் நம்பக்கூடிய ஒரே கணக்குப் புத்தகம் மட்டும் இல்லை. கம்பெனி அளந்தது ஒரு அறிக்கை, மாகாணம் ஒன்று, மொன்டானா ஒன்று என்று ஓடிக்கொண்டிருந்தது.

சாப்பிட்டுவிட்டுப் பூங்காவில் ஆமை பார்க்கப் போனோம். இங்கே ஒரு சின்ன ஏரியில் வயிற்றில் சிவப்புச் சித்திரம் போட்ட ஆமைகள் மரக்கட்டை மேல் வரிசையாக வெயில் காயும். பார்க்கவே தமாஷாக இருக்கும். மாமா அதை லேக் லூயிஸைவிட அதிக நேரம் பார்த்தார்.

அங்கே உட்கார்ந்து யோசித்துவிட்டுத்தான் கேட்டார். "இந்த பம்பு, ஆலையெல்லாம் எத்தினி வருசம் ஓடணும்?"

நெய்வேலியிலும் பம்ப் உண்டு. கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கிற நிலத்தடி நீர் குழிக்குள் பொங்காமல் இருக்க ராப்பகலாக இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் சுரங்கத்தை மூடினால் பம்ப்பையும் நிறுத்திவிடலாம். இங்கே அப்படி முடியாது. கரி தீர்ந்து, கடைசி டம்பரும் போன பிறகும் குவியலுக்குள் மழை இறங்கிக்கொண்டேதான் இருக்கும். எத்தனை தலைமுறைக்கு என்று யாரும் சின்ன எண் சொல்வதில்லை. அத்தனை வருடத்துக்கும் பாக்டீரியாவுக்குத் தீனி வேண்டும், ஆலைக்குக் கரண்டு வேண்டும், ஷிப்டுக்கு ஆள் வேண்டும்.

"ஆளுக்குச் சம்பளம் யாரு குடுப்பா?"

சுரங்கக்காரர்களிடம் அரசாங்கம் முன்பணப் பிணையம் வாங்கி வைக்கிறது, அதிலிருந்து என்பது ஏற்பாடு. கம்பெனி கை மாறும்போது அந்தப் பொறுப்பும் சேர்ந்தே மாற வேண்டும். தொகை போதுமா என்பதில்தான் வருடா வருடம் வாக்குவாதம்.

"அதெல்லாம் இருக்கட்டும் மாப்ள. ரெண்டா, ஒண்ணுக்குக் கீழயான்னு இவ்ளோ பேரு கணக்குப் பார்க்கறாங்களே, புதுசாக் கொட்டுறத நிறுத்திட்டாங்களா?"

நிறுத்தவில்லை. நாலு சுரங்கமும் தினமும் உடைக்கின்றன, தினமும் கொட்டுகின்றன. ஃபோர்டிங் ரிவரில் இருக்கிற குழி தீரப் போவதால் பக்கத்திலிருக்கும் காஸில் (Castle) மலைக்கு விரிவாக்கக் கேட்டிருக்கிறார்கள். அந்த விண்ணப்பம் மாகாணத்தின் பரிசீலனையிலும் மத்திய அரசின் பரிசீலனையிலும் இருக்கிறது. அனுமதி கிடைத்தால் இன்னும் சில பத்தாண்டுகளுக்குக் கரி.

திரும்பும் வழியில் எல்கோ பக்கம் ஒரு கரி ரயில் எங்களோடு கொஞ்ச தூரம் ஓடியது. மாமா பெட்டிகளை எண்ணப் பார்த்தார். நூறைத் தாண்டியதும் விட்டுவிட்டார். "நல்ல கரி" என்றார், "எங்க பழுப்புக் கரி மாதிரி இல்ல." நாளைக்கு வேலைக்குப் போக வேண்டும், சாயங்காலத்துக்குள் கல்கரி சேர்ந்துவிட வேண்டும் என்று வண்டியை விரட்டினேன்.